ஆணிப்பக்கத்துக் கட்டை

கோடாலி மறுபடியும் மாட்டிக்கொண்டது. ஒச்சம்மா காம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள், வலது காலைக் கட்டைமேல் ஊன்றி இழுத்தாள், கட்டைதான் கூடவே எழும்பி வந்ததே தவிர கோடாலி வரவில்லை. சனியன். காலையிலிருந்து இது ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ. வேம்பு என்றால் நாலு போட்டில் வாயைப் பிளந்துவிடும், கருவேலம் என்றால் வெயிலில் கிடந்து தானே வெடிப்பு விட்டு இங்கே அடி என்று இடம் காட்டும், இந்தப் புளியங்கட்டைக்கு மட்டும் யார்மேல் என்ன கோபமோ, நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நேராக வெட்டினால் கோணலாகப் போகிறது, கோணலாக வெட்டினால் எங்கேயும் போகாமல் இரும்பைக் கவ்விக்கொண்டு சும்மா கிடக்கிறது. சிலிண்டர் தீர்ந்து எட்டு நாள். இரண்டு நாளில் வரும் என்று போனில் சேதி வந்தே ஆறு நாள். இன்றைக்கென்று பார்த்து உச்சிப்பொழுதுக்குக் கோடாங்கி வருகிறார், அவருக்குக் கருங்கோழி அறுத்துக் குழம்பு வைத்துச் சோறு போட வேண்டும், அவர் வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, உடுக்கையை எடுத்து அடித்து, உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மகள் சுகப்பிரியாவைப் பிடித்த பேயை ஓட்டுவார். பேய் ஓட்ட வருகிறவருக்குச் சோறாக்க விறகு பிளக்கிறவள் யார் என்றால், அந்தப் பிள்ளையைப் பெற்றவள். இதைவிட ஒரு கூத்து உண்டா? அந்தப் பிள்ளையை எந்தப் பேயும் பிடிக்கவில்லை. அது ஒச்சம்மாவுக்குத் தெரியும். இந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை அவள் இருபத்தாறு வருஷமாக வாய்க்குள் வைத்து அடக்கிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பதிலைச் சொன்னால் மகள் தப்புவாள், புருஷன் என்ன ஆவான் என்றுதான் தெரியவில்லை. அவள் கட்டையைக் காலால் ஓர் எத்து எத்தினாள். பெருவிரல் வலித்ததுதான் மிச்சம்.

"ஏத்தா ஒச்சம்மா, இன்னும் ஒல வைக்கலையா?" என்றாள் பின்னியம்மா. புருஷனுடைய அக்கா. கொல்லையில் நிழல் விழுகிற ஒரே இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்தவள், வந்ததிலிருந்து ஒரு செத்தையை எடுத்து அந்தப் பக்கம் போடவில்லை. "வைக்கணும் மதினி." "கோடாங்கிக்குப் பசி தாங்காதாம்ல. போன தடவ எங்க ஊர்ல சோறு லேட்டாயி அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு. பெறகு அந்தப் பொம்பளைக்கு எறங்கவே இல்ல." இறங்கவே இல்லையாம். சோறு லேட்டானதற்கும் பேய் இறங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம், கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பாள். பின்னியம்மாவின் மகன் பாண்டீஸ்வரனுக்குத்தான் சுகப்பிரியா என்று பேசி முடித்தது. நல்ல பையன்தான், வேன் ஓட்டுகிறான், குடியில்லை, முறை மாப்பிள்ளை. நல்ல பையன் என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது, கெட்டவனாக இருந்தால் அதைக் காரணமாகச் சொல்லிவிடலாம். பரிசம் போட நாள் குறித்த அன்றைக்கு வாயை மூடியவள் சுகப்பிரியா, ஒன்பது நாளாகப் பேச்சில்லை. தலையைப் பின்னுவதில்லை. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. அத்தை பூ வைக்க வந்தபோது பூவைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அவ்வளவுதான், பின்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டாள். "அந்த முழி நம்ம புள்ள முழி இல்லடா காசி" என்று தம்பியிடம் சொன்னாள். ஒச்சம்மாவின் புருஷன் காசிமாயன் பயந்துபோனான். ஒச்சம்மா பயப்படவில்லை. அந்த முழியை அவள் நன்றாக அறிவாள். அது பத்தொன்பது வயதில் அவளே முழித்த முழி.

ஆப்பு வைத்துப் பார்க்கலாம். கடப்பாரை முனையைப் பிளவில் சொருகி, அம்மிக் குழவியால் மேலே தட்டினாள், ணங் ணங் என்று ஊருக்கே கேட்டது, கோடாலி கொஞ்சம் அசைந்து கொடுத்தது, இழுத்த இழுப்பில் ஒச்சம்மா பின்னால் போய்ச் சாணிக்கூடையில் உட்கார்ந்தாள். பின்னியம்மா சிரிக்காமல் இருந்தது பெரிய புண்ணியம். இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று மதினிக்குத் தெரியாது. தம்பி தோட்டத்துக் கட்டை என்று ஒச்சம்மா ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறாள். இது ரோட்டோரப் புளி. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் சித்திரையில் சாய்த்த புளி. மரம் சாய்ந்த அன்றைக்கு ஊர்ப் பெண்கள் அரிவாளும் சும்மாட்டுத் துணியுமாக ஓடினார்கள். விழுந்த மரத்தில் எந்தக் கொப்பில் யார் முதலில் கல்லைத் தூக்கி வைக்கிறார்களோ அந்தக் கொப்பு அவர்களுடையது, கல் வைத்ததை அடுத்தவள் தொடமாட்டாள், தொட்டால் அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒச்சம்மா போய்ச் சேர்ந்தபோது கல் இல்லாத சுள்ளி ஒன்றுகூட இல்லை, ஒரு பிடி சுள்ளிக்கு மூன்று கல் வைத்திருந்தாள் ஒரு மகராசி. அடிமரத்தை மில்லுக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். அவர்களும் கிழக்குப் பக்கத்தை மட்டும் மெஷின் ரம்பத்தால் ஒரு சாண் கனத்துக்குச் சீவிக் கழித்துத் தூரப் போட்டுவிட்டு மற்றதை லாரியில் ஏற்றிப்போனார்கள். கிழக்குப் பக்கம் பூராவும் ஆணி. ஆணி பட்டால் ரம்பப் பல் போய்விடும் என்பது அவர்கள் கவலை. ஊர்ப் பெண்களின் கவலை வேறு. பேய் பிடித்தவளின் உச்சிமயிரில் ஒரு கற்றையை அறுத்து, ஆணியில் சுற்றி, கோடாங்கி அந்தப் பக்கத்தில்தான் அடிப்பது வழக்கம், பேய் அதற்குப் பிறகு மரத்தோடு கிடக்கும். அதனால் அந்தத் துண்டுகளின் மேல் யாரும் கல் வைக்கவில்லை. நாற்பது நாள் ரோட்டோரத்தில் மழை வெயில் எல்லாம் பட்டுக் கிடந்தன, ஆடுகூட அதன்மேல் ஏறி நிற்கவில்லை. சரி, ஆட்டைப் பற்றிச் சொன்னது பொய், ஆடு ஏறி நின்றதை ஒச்சம்மா பார்த்தாள். பார்த்ததும்தான் அவளுக்குத் தைரியம் வந்தது.

மூன்று துண்டையும் மூன்று மத்தியானத்தில் சுமந்து வந்தாள். மத்தியானத்தில் அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது, மரம் போன பிறகும் பயம் போகவில்லை. தலையில் பாரம் ஏறியதும் கழுத்து உள்ளே இறங்கியது, பிடரியில் எறும்பு ஊர்ந்தது, இரண்டு கையும் மேலே பிடித்திருப்பதால் தட்டவும் முடியவில்லை, அப்போது நினைத்துக்கொண்டாள், நம் தலைமயிரை நாமே தலையில் சுமந்துபோகிறோம். எந்தத் துண்டில் தன் ஆணி என்று தெரியாது. ஆள் உயரத்துக்குத்தான் அடிப்பார்கள், மரம் வளர்ந்தாலும் ஆணி மேலே ஏறாது, நின்ற மரத்தில் என்றால் நெற்றியை வைத்து அளந்து பார்த்துச் சொல்லிவிடலாம், வெட்டிப்போட்ட துண்டில் உயரத்தை எங்கே தேடுவது? பழைய ஆணிகளைப் பட்டை விழுங்கிவிட்டது, மேலே தழும்பு மாதிரி ஒரு சுருக்கம்தான் இருக்கும். புது ஆணிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருந்தன. ஓர் ஆணிக்கு ஒருத்தி. மேலத்தெரு ராமாயி ஓர் ஆணி, டீக்கடைக்காரர் மருமகள் ஓர் ஆணி, நிறைமாதத்தில் தகப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தவள் ஓர் ஆணி. எல்லோருக்கும் சரியாகிப்போனது என்றுதான் பேர். யாரிடமும் போய், உனக்கு உண்மையிலேயே பிடித்ததா, இல்லை என்னை மாதிரிதானா என்று அவள் கேட்டதில்லை. அவர்களும் இவளிடம் கேட்டதில்லை. தண்ணீர்க் குழாயில் எத்தனையோ பேசுகிறார்கள், மருமகளைப் பற்றி, மாதவிலக்கு நின்றதைப் பற்றி, எதை எதையோ, இதை மட்டும் ஒருத்தியும் பேசுவதில்லை. ஆணி இருக்கிற பக்கத்தைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டுத்தான் காலையிலிருந்து வெட்டுகிறாள்.

அடுத்த போட்டில் ஓர் ஓரம் பிய்ந்து வந்தது, கை நீளத்துக்கு, உள்ளே கறுத்து வைரம் பாய்ந்த சேகு. பரவாயில்லை. அதை எடுத்து அடுப்பில் வைத்தாள், தென்னம்பாளை, பழைய செருப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வைத்துக் கொளுத்தினாள், பத்திரிகை எரிந்தது, செருப்பு நாறியது, விறகு புகைந்தது. ஊது. ஊதுகுழாயை எங்கே வைத்தாள்? பிள்ளை எடுத்து எங்கேயோ போட்டிருப்பாள், இல்லை, பிள்ளைதான் ஒன்பது நாளாக எழுந்திருக்கவே இல்லையே, எதையாவது காணவில்லை என்றால் அவளைத் திட்டுவது பழக்கமாகிவிட்டது. ஊது, ஊது. பத்தொன்பது வயதில் அவளும் விறகுக்குத்தான் போயிருந்தாள், அந்தப் புளியின் அடியில், உச்சிப்பொழுதில், தனியாக. வயசுப்பிள்ளை அந்த நேரத்தில் அங்கே போகக்கூடாது என்பார்கள், போனால்தான் விறகு கிடைக்கும், மற்றவர்கள் பயந்து போகாத நேரத்தில்தான் கீழே கொப்பு மிச்சம் கிடக்கும். கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்புகள். மாமன் மகன் காசிமாயனுக்குக் கட்டுவது என்று பேசி முடித்து, காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தலையிலிருந்து கட்டை இறக்குவதற்கு முன்பே அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். ஒச்சம்மாவுக்கு வேறு ஒருத்தன்மேல் ஆசை என்றெல்லாம் இல்லை. அதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். ஒருத்தனும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள், முதல் தடவை சிரித்தார்கள், இரண்டாம் தடவை வெட்கப்படுகிறாள் என்றார்கள், மூன்றாம் தடவை அப்பா அறைந்தார். அறைந்த வேகத்தில் விறகுக்கட்டு சரிந்து கொண்டை அவிழ்ந்தது. அவிழ்ந்த தலையை ஓர் உலுக்கு உலுக்கினாள். ஐயோ புளியமரத்தடிக்குப் போயிட்டு வந்தாளே என்று யாரோ கத்தினார்கள். வீடு பூராவும் எழுந்து நின்றது. அவள் பேசினால் எழுந்து நிற்காத வீடு, அவள் தலையை உலுக்கினால் எழுந்து நின்றது. மறுபடியும் உலுக்கினாள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை என்பதுதான் விஷயம். வேண்டுமென்றுதான் ஆரம்பித்தாள், சத்தியமாக வேண்டுமென்றுதான், ஆனால் வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது, அவள் குரலைவிடப் பெரிய குரல், அது எங்கே இருந்தது அத்தனை நாளும்? அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, எதிரில் நின்ற காசிமாயனையும் டேய் என்றது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் இந்த இடத்தில்தான் அவளுக்குச் சிக்கிக்கொள்கிறது. ஒருவேளை உண்மையிலேயே ஏதாவது இருந்ததோ? இல்லை. நான்தான். நான்தான் என்றால் அந்தக் குரல் ஏன் பிறகு ஒரு நாளும் வரவில்லை, இத்தனை சண்டையில், இத்தனை அழுகையில்? ஊது, அணைகிறது. கோடாங்கி உடுக்கையை அடித்து, வேப்பங்குழையால் அடித்து, யார் நீ, பேரைச் சொல்லு என்று கேட்டார். பேருக்கு எங்கே போவது? அடி தாங்காமல் வாய்க்கு வந்த பேரைச் சொன்னாள், வெள்ளத்தாய் என்று. கிணற்றில் விழுந்து செத்த பிள்ளை, ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வெள்ளத்தாயின் அம்மா ஒரு தூக்குவாளியில் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, "நல்லா இருக்கியாத்தா, அங்கன பசிக்குதாத்தா" என்று கேட்டு ஊட்டினாள். ஒச்சம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். நாலு பணியாரம். ஐந்தாவது உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது, நான் வெள்ளத்தாய் இல்லை, நான் சும்மா ஆடினேன் என்று? அந்தப் பொம்பளை செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, சாகும்வரைக்கும் ஒச்சம்மாவைத் தெருவில் பார்த்தால் நின்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போவாள். வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். உச்சிமயிரை அறுத்த இடத்தில் ரத்தம் வந்தது, எரிந்தது, அலுத்துப்போய் பேசாமல் படுத்துவிட்டாள். இறங்கிருச்சு என்றார்கள். ஒரு மாதத்தில் தாலி கட்டினான் காசிமாயன்.

கெட்டவன் இல்லை அவன். அதுவும் எரிச்சல்தான். அடித்ததில்லை, அடுத்த வீட்டை எட்டிப் பார்த்ததில்லை, டவுன் போனால் ஓர் அல்வாப் பொட்டலம் வாங்காமல் வரமாட்டான். ஒரே ஒரு பழக்கம்தான். அந்தக் கதையைச் சொல்லுவான். காதுகுத்தா, கிடாவெட்டா, எங்கே நாலு பேர் பந்தியில் உட்கார்ந்தாலும் சொல்லுவான். பேய் இவனைப் பார்த்துப் பேசியதை. துண்டை எடுத்துத் தலையில் போட்டு மயிர் மாதிரி ஆட்டி, கண்ணை உருட்டி, "டேய் காசிமாயா, ஒன்னைய எனக்குப் பிடிக்கலடா, நீ என்னையக் கட்டுனா நான் வாழமாட்டேண்டா" என்று பேய்க்குரலில் சொல்லிக் காட்டுவான், பந்தியே சிரிக்கும், பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முடிப்பான், "பேயிக்குத்தான்யா என்னையப் பிடிக்கல, இவளுக்குப் பிடிச்சிருந்துச்சு, பேய வெரட்டிட்டு இவளக் கட்டிக்கிட்டேன்." இருபத்தாறு வருஷம். எத்தனை பந்தி. ஒவ்வொரு பந்தியிலும் சாம்பார் வாளியைப் பிடித்தபடி ஒச்சம்மா சிரித்திருக்கிறாள். சொல்லிவிடலாமா என்று நினைப்பு வராத பந்தி இல்லை. சொன்னால் அந்த மனுஷனுக்கு என்ன மிஞ்சும்? ஒரே ஒரு கதைதான் வைத்திருக்கிறான் அவன், அதிலும் அவன் ஜெயித்த கதை. இன்றைக்கு ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு, சுகப்பிரியாவின் தலையில் வேப்பங்குழை விழும், யார் நீ என்பார்கள், எந்த அப்பாவியின் பேரைச் சொல்லப்போகிறதோ அந்தப் பிள்ளை, யார் வீட்டு அம்மா பணியாரம் கொண்டுவரப்போகிறாளோ. அடுப்பு பற்றிக்கொண்டது, உலைப்பானையை ஏற்றி வைத்தாள். புளிக்குச் சூடு அதிகம், பற்றினால் நின்று எரியும். ஆனால் இந்த ஒரு விறகு கோழிக்குக் காணாது, விடலைக் கோழி என்று சொல்லிக் கிழட்டுக் கோழியைத் தலையில் கட்டிவிட்டான் கோழி விற்றவன், அது வேக இன்னும் நாலு விறகாவது வேண்டும்.

காசிமாயன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கொல்லைக்கு வந்தான். கையில் மஞ்சப்பை. எலுமிச்சம்பழம், சூடம், பத்தி, அடியில் நாலங்குல ஆணி ஒன்று. "புளி இல்லாட்டி என்ன, கம்மாக்கர வேம்புல அடிச்சுக்கலாம்னுட்டாரு கோடாங்கி" என்று அக்காவிடம் சொன்னான். பிறகு ஒச்சம்மாவைப் பார்த்தான், வேர்த்து வழிகிற முகம், சாணி ஒட்டின சேலை. "ஏம்புள்ள இந்தப் பாடு படுற, கொண்டா" என்று கோடாலியை வாங்கினான். ஓங்கி ஒன்று போட்டான். மாட்டிக்கொண்டது. அவனுக்கும் மாட்டிக்கொண்டதில் ஒச்சம்மாவுக்கு ஓர் அற்பத் திருப்தி. "இது என்னடா எழவாப் போச்சு, திருப்பிப் போட்டு அடிச்சாத்தான் வரும்" என்றான். "வேணாம், இப்படியே அடிங்க" என்றாள் ஒச்சம்மா. சொல்லி முடிப்பதற்குள் குனிந்து கட்டையைப் புரட்டிவிட்டான்.

ஆணிகள் வெயிலைப் பார்த்தன. ஒன்பதோ பத்தோ நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்றில் திரித்த கயிறு மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது, மற்றதெல்லாம் பட்டைக்குள். காசிமாயன் இரண்டு எட்டுப் பின்னால் போனான். பின்னியம்மா நாற்காலியை விட்டு எழுந்து, "அடியே, ஆணிப்பக்கத்த வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்டிருக்கியேடி பாவி" என்று கத்தினாள். "இதனாலதாண்டா அந்தப் புள்ளைக்குப் பிடிச்சிருச்சு. எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டாடா!" அப்படியா? ஒரு நிமிஷம் ஒச்சம்மாவே நாளை எண்ணிப் பார்த்தாள். கட்டையைத் தூக்கிவந்தது போன திங்கள், செவ்வாய், புதன். பிள்ளை வாயை மூடியது அதற்கு முந்தின வாரம். அதற்கும் இதற்கும் ஒன்றும் இல்லை. என்ன சொன்னாலும் கதைக்குள் ஒரு பேயை நுழைத்துவிடுகிறார்கள், சோறு லேட்டானாலும் பேய், விறகு பொறுக்கினாலும் பேய், வாயைத் திறந்தாலும் பேய், மூடினாலும் பேய். அலுத்துவிட்டது. அழுகையாகவோ கோபமாகவோ அது வரவில்லை, பச்சை விறகோடு காலையிலிருந்து மல்லுக்கட்டின அலுப்பாகத்தான் வந்தது.

"இதுல பேயும் இல்ல, ஒரு மயிரும் இல்ல" என்றாள்.

"இந்தா, வாய அடக்கு" என்றான் காசிமாயன். முகம் வெளுத்திருந்தது. "ஒன்னோடதும் இதுலதான இருக்கு. அது மறுபடியும்..."

"எது மறுபடியும்? எதும் இருந்தாத்தான மறுபடியும் வர்றதுக்கு. மச்சான், அன்னைக்கு ஒங்களப் பிடிக்கலன்னு சொன்னது வெள்ளத்தாய் இல்ல. அவ பாவம், கெணத்துல கெடந்தா. நாந்தான் சொன்னேன்."

உலை கொதித்து மூடி தடதடவென்று ஆடியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"நீயா?"

"நாந்தான். மூணு தடவ வாயால சொன்னேன், யாரும் காதுல வாங்கல. தலைய ஆட்டிச் சொன்னேன், ஊரே கேட்டுச்சு. கேட்டு, பேயின்னுட்டீக."

காசிமாயன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி தோளில் போட்டான். அவன் மனதில் இப்போது எந்தப் பந்தி ஓடுகிறது என்று அவளால் சொல்லிவிட முடியும், மச்சினன் வீட்டுக் காதுகுத்து, போன மாசிக் கிடாவெட்டு, இவள் சாம்பார் வாளியோடு நின்று சிரித்தது, எல்லாம் வரிசையாக ஓடும். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பின்னியம்மா, "அவ சொல்லலடா, அதுதாண்டா இப்பவும் பேசுது, கிட்டப் போகாத" என்றாள்.

"இப்பவும் பிடிக்கலையா?" என்றான் அவன். அக்கா காதில் விழக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, மெதுவாகத்தான் கேட்டான்.

என்ன மனுஷன் இவன். கோடாங்கி வருகிற நேரத்தில், உலை பொங்குகிற நேரத்தில், இருபத்தாறு வருஷம் கழித்து வந்து கேட்கிறான். பிடித்திருக்கிறதா? அல்வாவைப் பிடிக்கும். காய்ச்சலில் கிடந்தபோது காலைப் பிடித்துவிட்ட கையைப் பிடிக்கும். அதெல்லாம் சேர்ந்தால் பிடித்ததாகுமா, அவளுக்குத் தெரியவில்லை, தெரியாததை இப்போது யோசிக்க நேரமும் இல்லை. "இத அன்னைக்குக் கேட்டிருக்கணும்" என்றாள். "எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. நீங்களும் கேக்கல. இப்ப எங்கிட்டக் கேட்டு என்ன ஆகப்போகுது? உள்ள ஒருத்தி உக்காந்திருக்கா. போயி அவகிட்டக் கேளுங்க."

அவன் நின்றான். மஞ்சப்பையைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். அக்கா கையைப் பிடித்தாள், விலக்கிக்கொண்டான். பின்வாசலில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனான். உள்ளே அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது, ஒரு தடவை, இரண்டு தடவை, பொம்பளைப் பிள்ளையிடம் என்ன வார்த்தையில் ஆரம்பிப்பதென்று தெரியாத செருமல். "யாத்தா" என்றான். பிறகு, "யாத்தா சுகப்பிரியா, ஒனக்குப் பாண்டீஸ்வரனப் பிடிச்சிருக்கா?" ஒச்சம்மா கோடாலிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லு. சொல்லித் தொலையேன். தலையை ஆட்டாதே, முழிக்காதே, வாயால் சொல்லு, உன் கூடப்பிறந்த குரல்தானே, சொல்லு. சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது கோடாங்கி வருகிற பஸ்ஸாக இருக்கலாம். உள்ளே இருந்து, ஒன்பது நாள் பேசாததில் கரகரத்துப்போன, சின்ன, சாதாரணக் குரல் ஒன்று வந்தது.

"இல்லப்பா. பிடிக்கலப்பா."

பின்னியம்மா நெஞ்சில் கையை வைத்தாள். "கேட்டியாடா காசி, அது பேசுது! வாயத் தொறந்திருச்சு, அது பேசுது!"

"அது இல்லக்கா" என்றான் காசிமாயன் உள்ளே இருந்து. "எம்மக பேசுறா."